பதிவேட்டில் ஏறாத ஒரு பெயர்: குழந்தைகளுக்கு ஏன் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள்?

கடந்த மாதம் என் தங்கையின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மன்னார் மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கோயிலில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு. நான்தான் ஞானத்தாய். பிள்ளை முழு நேரமும் நித்திரையாக இருந்து, தலையில் தண்ணீர் பட்டதும் கோயில் அதிரக் கத்தினாள். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு வீட்டில் சாப்பாடு. பந்தலின் ஓரத்தில் ஒரு கதிரையில் தனியே இருந்த ஒரு அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தங்கையின் கணவர் வழியில் உறவு, முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்தவர்.

"பிள்ளை, நீங்கள் பேப்பருக்கு எழுதுறனீங்கள்தானே. ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ அன்ரி."

"என்ர கடைசிப் பொடியனுக்கு ஞானஸ்நானம் குடுக்கேல்லை. அதுக்குள்ள போயிட்டான். அவன் இப்ப எங்க நிப்பான்?"

2009ஆம் ஆண்டு மாசி மாதம் மாத்தளனில் ஒரு தறப்பாளுக்குக் கீழே பிறந்த பிள்ளை. காயப்பட்ட கணவரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். "சுவாமிமார் நிண்டவை. கேட்டிருந்தால் வந்திருப்பினம். இவர் வந்தாப்பிறகு குடுப்பம் எண்டு நான்தான் வச்சிருந்தனான்," என்றார். சித்திரையில் பிள்ளை இறந்துவிட்டது. பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவர் அந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஞானஸ்நான வீட்டிலும் அது அவருக்குத் திரும்பி வருகிறது.

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவள், இறையியல் படித்தவள் அல்ல. ஒரு குருவானவரைச் சந்தித்துக் கேட்டேன், திருச்சபையின் ஆவணங்களை வாசித்தேன். என் சொந்த ஞானஸ்நானத்தைப் பற்றி அம்மாவிடம் மீண்டும் விசாரித்தேன். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வன்னியில் பிள்ளையை இழந்த எந்தத் தாய்க்கும் இந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கோயிலில் என்ன நடக்கிறது?

எங்கள் பேச்சு வழக்கில் ஞானஸ்நானம். இப்போதைய வழிபாட்டுப் புத்தகங்களில் திருமுழுக்கு. இரண்டும் ஒன்றுதான்.

சடங்கு கோயில் வாசலில் ஒரு கேள்வியுடன் தொடங்குகிறது. பிள்ளைக்கு என்ன பெயர் இட்டிருக்கிறீர்கள் என்று குருவானவர் பெற்றோரைக் கேட்கிறார். பெயர் சொன்ன பிறகுதான் மற்ற எல்லாம். அடுத்து, திருச்சபையிடம் பிள்ளைக்காக எதைக் கேட்கிறீர்கள் என்பார். பிறகு அவரும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறார்கள்.

வேதவாசகம் முடிந்ததும் நெஞ்சில் எண்ணெய் பூசப்படுகிறது. தண்ணீர் ஆசீர்வதிக்கப்படுகிறது. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தீமையை விட்டுவிடுவதாகச் சொல்லி, தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுகிறார்கள். அதன் பின்னர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் மூன்று தடவை தலையில் நீர் வார்க்கப்படுகிறது. உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசி, வெள்ளை உடை போர்த்தி, பாஸ்காத் திரியில் ஏற்றிய மெழுகுதிரியைக் குடும்பத்தின் கையில் கொடுப்பார்கள். கடைசியில் பங்குப் பதிவேட்டில் பெயர், பிறந்த திகதி, பெற்றோர், ஞானப்பெற்றோர், நீர் வார்த்தவர் என எல்லாம் எழுதப்படும்.

எண்ணெயும் உடையும் திரியும் அர்த்தமுள்ளவை. ஆனாலும் ஞானஸ்நானத்தின் உயிர் இரண்டில்தான் இருக்கிறது: தண்ணீர், அதோடு சொல்லப்படும் அந்த ஒரு வசனம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சைவ வீடுகளில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளையைத் தொட்டிலில் இட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் ஊர் கூடுகிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளை பிறப்பது ஒரு வீட்டுக்குள், அதை ஏற்றுக்கொள்வது ஒரு சமூகம் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு.

பேசத் தெரியாத பிள்ளைக்கு ஏன்?

விசுவாசம் என்பது ஒருவர் தானாகத் தெரிந்து சொல்லும் பதில் என்றால், ஒரு மாதப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? இந்தக் கேள்வி புதியதல்ல. ஏறத்தாழ கி.பி. 200ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், சிறுபிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைப் பிற்போடுவது நல்லது என்று எழுதினார். அப்படி அவர் எழுத வேண்டியிருந்ததிலிருந்தே, அந்தக் காலத்திலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தார்கள் என்பது தெரிகிறது.

அரை நூற்றாண்டு கழித்து அதே நகரத்தில் இன்னொரு கேள்வி எழுந்தது. யூதர்களின் விருத்தசேதனத்தைப் போல எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டுமா? ஆயர் சிப்பிரியனும் அவருடன் கூடிய 66 ஆயர்களும், காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். கடவுளின் இரக்கத்தைப் பெறுவதற்கு வயது ஒரு தடையல்ல என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

புதிய ஏற்பாட்டில் ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக நேரடியாக எங்கும் இல்லை. திருத்தூதர் பணிகள் நூலில், பிலிப்பி நகரத்து லீதியாளும், அங்கிருந்த சிறைக்காவலரும் தங்கள் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றதாக வருகிறது. வீட்டார் என்றால் பிள்ளைகளும் அடக்கம் என்பது ஒரு பக்கத்தின் வாசிப்பு. அப்படி எழுதப்படவில்லையே என்பது மறுபக்கத்தின் பதில்.

நான் சந்தித்த குருவானவர் இதை வேறு விதமாக விளக்கினார். "உங்கட தங்கச்சியின்ர பிள்ளை பிறந்த உடனே அம்மா பால் குடுத்தவதானே. பிள்ளை கேட்டு, விளங்கி, நன்றி சொல்லும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டவவோ?" அன்பு முதலில் வருகிறது, பதில் பிறகு வருகிறது. குழந்தை ஞானஸ்நானத்தில் திருச்சபை சொல்வது இதைத்தான். எதையும் சாதிக்காத, எதற்கும் தகுதி காட்டாத, ஒரு சொல்கூடப் பேசாத நிலையிலேயே இந்தப் பிள்ளை கடவுளுக்கு வேண்டிய பிள்ளை.

பதில் சொல்லும் கடமை இல்லாமல் போவதில்லை. பிள்ளை வளரும் வரை அது பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் இருக்கிறது. அதனால்தான் ஞானப்பெற்றோருக்குத் திருச்சபைச் சட்டம் நிபந்தனை வைக்கிறது: பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சங்கிலி போடுவது ஊர் வழக்கம். சட்டம் கேட்பது அதை அல்ல. பிள்ளை பின்னாளில் உறுதிபூசுதல் பெறும்போது தானே தன் வாயால் பதில் சொல்கிறது.

"சென்மப் பாவம்" என்ற சொல்லும் பலரைக் குழப்புகிறது. பச்சைப் பிள்ளை என்ன பாவம் செய்தது? எதுவும் செய்யவில்லை, திருச்சபையும் அப்படிச் சொல்லவில்லை. தனிப்பட்ட குற்றம் என்ற பொருளில் அந்தச் சொல் பாவிக்கப்படுவதில்லை. ஏற்கனவே உடைந்துபோன ஓர் உலகத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிறக்கிறது என்பதே அதன் பொருள். எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. பங்கருக்குள் பிறந்த பிள்ளை அந்தப் போரைத் தொடங்கவில்லை. ஆனால் அது எடுத்த முதல் மூச்சிலேயே கந்தகப் புகை இருந்தது.

ஒத்துக்கொள்ளாதவர்கள்

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஏற்பதில்லை. 1525ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு சிறு குழுவினர், குழந்தையாகப் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று கூறி, வளர்ந்தவர்களாகத் தங்களுக்குள் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். நகர நிர்வாகம் அதைக் குற்றமாக அறிவித்தது. அவர்களுள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் 1527இல் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். ஞானஸ்நானத் தண்ணீருக்காக ஒருவரைத் தண்ணீரிலேயே கொன்றார்கள். கிறிஸ்தவ வரலாற்றின் வெட்கப்பட வேண்டிய பக்கங்களில் அதுவும் ஒன்று.

இலங்கையில் கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. பப்ரிஸ்ற் சபையினரும் பெந்தெகொஸ்தே சபைகளும் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் வயதில்தான் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். கைக்குழந்தைகளை சபை நடுவே கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து ஜெபிப்பார்கள். போருக்குப் பின்னர் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு சபைகள் இருப்பது வன்னியில் சாதாரணமாகிவிட்டது. என் சித்தியின் மகன் அப்படி ஒரு சபையில் இருக்கிறான். தங்கையின் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்தான், சாப்பிட்டான், "அக்கா, அவள் வளந்து தானாக் கேக்கட்டுமே" என்று மட்டும் சொன்னான். அவனுடைய பேச்சில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மனிதனின் பதிலுக்கு மதிப்புக் கொடுக்கிறது அவனுடைய சபை. பதிலுக்கு முன்பே வரும் கொடையைக் கொண்டாடுகிறது என்னுடையது.

கட்டாயத்தின் நிழல்

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. எங்கள் மண்ணில் ஞானஸ்நானம் எப்போதும் கொடையாக மட்டும் இருந்ததில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில், அரச பதவி பெறவும் திருமணத்தைச் சட்டப்படி பதியவும் அவர்களுடைய சீர்திருத்தச் சபை வழியாகவே போக வேண்டியிருந்தது. பள்ளித் தோம்புகளில் ஞானஸ்நானங்கள் எழுதப்பட்டன. அதற்காகத் தண்ணீர் வார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் சைவர்களாகவே வாழ்ந்தவர்கள் ஏராளம். அதே ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டிருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளார், மறைந்து மறைந்துதான் மக்களுக்குப் பணி செய்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் கையும் சுத்தமில்லை. 1858இல் இத்தாலியின் பொலோஞா நகரில் ஒரு யூதக் குடும்பத்தின் ஆறு வயது மகனைப் பாப்பரசரின் பொலிசார் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். கைக்குழந்தையாக நோயில் கிடந்தபோது வீட்டு வேலைக்காரப் பெண் இரகசியமாகத் தண்ணீர் வார்த்துவிட்டாள், ஆகவே அவன் கிறிஸ்தவப் பிள்ளை என்பது காரணம். எட்கார்தோ மொர்த்தாரா என்ற அந்தப் பிள்ளை பெற்றோரிடம் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மாரைத் தெரிந்த எங்களுக்கு, அந்தத் தாயின் நிலையைப் புத்தகம் பார்த்து விளங்க வேண்டியதில்லை.

இன்றைய சட்டத்தின்படி, சாதாரண வேளையில், பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்காமல் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. அந்தப் பிள்ளை விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கையும் வேண்டும். அது இல்லையென்றால் குருவானவர் பிற்போட வேண்டும்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகள்

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

அவருடைய பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார், ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகளுக்கு விண்ணகம் இல்லை என்று கற்பித்தார். அவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை எல்லாவற்றிலும் மிக இலேசானது என்று மட்டும் தணித்துச் சொன்னார். இத்தனைக்கும் அவரே குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் அல்ல. தாய் மோனிக்கா கிறிஸ்தவராக இருந்தும், அவர் தண்ணீர் பெற்றது 387இல், முப்பது வயது கடந்த பிறகு, மிலான் நகரில்.

அந்தக் கடுமையை மனிதர்களால் தாங்க முடியவில்லை. மத்திய கால இறையியலாளர்கள் ஒரு நடுவழி கண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேதனை இல்லை, ஆனால் கடவுளை முகமுகமாகக் காணும் பேறும் இல்லை. ஓர் ஓரத்து இடத்தில் இயற்கையான மகிழ்ச்சியோடு இருப்பார்கள் என்றார்கள். "லிம்போ" என்று அதற்குப் பெயர். இலத்தீன் மொழியில் ஓரம் என்று பொருள். அது ஒருபோதும் கட்டாயமாக நம்ப வேண்டிய விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. இருந்தும் மறைக்கல்வி வகுப்புகள் வழியாக ஊர்களுக்குள் வந்து நிலைத்துவிட்டது.

நிலத்திலும் அதன் அடையாளம் இருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. எங்கள் ஊர்ச் சேமக்காலையில் பெயரோ சிலுவையோ இல்லாத சிறு மேடுகள் ஒரு மூலையில் தனியாக இருந்ததை அம்மம்மா காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய முதல் பிள்ளையும் அந்த மூலையில்தான். அம்மம்மா சேமக்காலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு திரி கூடுதலாகக் கொளுத்துவார்.

இன்று நிலைமை என்ன? 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்கு முன்னரே பிள்ளை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபையின் அடக்கச் சடங்கை நடத்தலாம் என்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் லிம்போ என்ற சொல்லே இல்லை. அத்தகைய பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றே அது கற்பிக்கிறது. 2007ஆம் ஆண்டு ஏப்ரலில், வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்து ஒரு முழு ஆவணத்தை வெளியிட்டது. பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அதை வெளியிட ஒப்புதல் கொடுத்திருந்தார். இந்தப் பிள்ளைகள் மீட்புப் பெற்றுக் கடவுளைக் காண்கிறார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் இருக்கின்றன என்பது அதன் முடிவு. நிச்சயமாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை. நம்பிக்கைக்குக் காரணம் உண்டு என்கிறது. ஞானஸ்நானத்தின் அவசியத்தையும் அது குறைக்கவில்லை. கடவுள் தம்முடைய இரக்கத்தைத் தண்ணீருக்குள் மட்டும் கட்டி வைத்திருக்கவில்லை என்பதே அதன் உட்பொருள்.

அந்த ஆவணம் வெளியாகி இரண்டு வருடங்களின் பின்னர்தான் அந்த அம்மாவின் பிள்ளை இறந்தது. இன்றைக்கு வரை அந்தச் செய்தி அவரிடம் வந்து சேர்ந்திருக்கவில்லை. செய்தி சொல்வதைத் தொழிலாகக் கொண்ட எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

யாரும் வார்க்கலாம்

இதைச் சொல்லாமலும் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆனால் சொல்லத்தான் எனக்கு மிகவும் தயக்கமாக இருந்தது. மரண ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கக் குருவானவர் தேவையில்லை. தாய் கொடுக்கலாம், தாதி கொடுக்கலாம். கிறிஸ்தவர் அல்லாத ஒருவரும் கொடுக்கலாம். திருச்சபை செய்ய விரும்புவதைச் செய்யும் எண்ணம் வேண்டும், சாதாரணத் தண்ணீர் வேண்டும், அந்த ஒரு வசனம் வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. 1990இல் போர் மீண்டும் வெடித்து, மக்கள் மடுக் கோயில் வளவில் அடைக்கலம் புகுந்திருந்த நேரம். குறைமாதத்தில் பிறந்த நான் அழவில்லை என்று அம்மா சொல்வார். அம்மம்மா அம்மாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். பேறு பார்த்த மருத்துவிச்சி திருநீறு பூசிய சைவப் பெண். அம்மம்மா சொல்லச் சொல்ல, அவர் அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லி, கோப்பையில் இருந்த தண்ணீரை என் தலையில் வார்த்தார். பிறகு நான் பிழைத்துக்கொண்டேன். கோயிலில் எனக்கு எண்ணெயும் வெள்ளை உடையும் திரியும் கிடைத்தன. தண்ணீர் மட்டும் இரண்டாம் முறை வார்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரு தடவைதான். என்னைக் கிறிஸ்தவள் ஆக்கியது ஒரு சைவப் பெண்ணின் கை.

அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் அவரே தண்ணீர் வார்த்திருப்பார். இதை இப்போது சொல்வது, அவர் சுமக்கும் குற்ற உணர்வின் மேல் இன்னொரு கல்லை வைப்பதாகிவிடாதா? குருவானவரிடம் இதைத்தான் கடைசியாகக் கேட்டேன். "அந்தச் சட்டம் ஆக்களுக்கு உதவி செய்ய வந்தது, வழக்குப் போட வந்ததில்லை," என்றார். "அவ குடுக்கத்தான் இருந்தவ. தகப்பன் வரட்டும் எண்டு வச்சிருந்தது குடும்பமா நிண்டு குடுக்க வேணும் எண்ட ஆசையில. அந்த ஆசையைக் கடவுள் காணேல்லையோ?"

இரண்டு கணக்குகளுக்கு நடுவே

பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பங்குப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மீனவரின் பிள்ளையும் ஆசிரியரின் பிள்ளையும் ஒரே அளவான கட்டத்துக்குள்தான் எழுதப்பட்டிருப்பார்கள். எங்கள் நாட்டில் பிறப்பைப் பிந்திப் பதியும்போது ஞானஸ்நானப் பத்திரம் ஒரு துணை ஆவணமாகவும் உதவுகிறது. நான் என்ற ஒருவர் இன்ன நாளில், இன்ன தாய் தந்தைக்குப் பிறந்தேன் என்பதற்கு அது ஒரு சாட்சி.

2011 ஜனவரியில், அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஓர் எண்ணை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிகளின் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலையில் ஐ.நா.வின் கணக்கின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்திருந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் ஒழுங்கான பதில் இல்லை.

அந்த அம்மாவின் பிள்ளை 2009 மாசியில் பிறந்து சித்திரையில் இறந்தது. முதல் கணக்கு எடுக்கப்பட்டபோது பிறந்திருக்கவில்லை. இரண்டாவது கணக்கு எடுக்கப்பட்டபோது உயிரோடு இல்லை. இரண்டு எண்களுக்கும் இடையில் வந்து போய்விட்ட பிள்ளை அது. பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை, ஞானஸ்நானப் பதிவும் இல்லை. காணாமல் போனவர்களின் எண்ணிக்கையில்கூட அது இல்லை. "அவன் எங்க நிப்பான்?" என்று தாய் கேட்டபோது, விண்ணகத்தைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

என்ன செய்யலாம்?

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில விடயங்கள். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த பிள்ளைக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்கலாம், பெயர் சொல்லிச் செபிக்கலாம். போரில் பதிவேடு அழிந்து உங்கள் ஞானஸ்நானத்துக்கு அத்தாட்சி இல்லை என்றால், நேரில் கண்ட நம்பத்தகுந்த ஒரு சாட்சியின் வாக்குமூலமே திருச்சபைச் சட்டத்துக்குப் போதுமானது. யாரும் தண்ணீர் வார்த்தார்களா என்றே தெரியாமல், பெற்றோரை இழந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால், அவர்களுக்கு நிபந்தனையோடு ஞானஸ்நானம் கொடுக்கும் வழி உண்டு. உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

போன கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசித்ததையும் கேட்டதையும் என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். யாரும் வார்க்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த இடத்தில் அவர் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே பிள்ளை," என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவரே கேட்டார். "அப்ப அவன்ர பேரைச் சொல்லிப் பூசை குடுக்கலாமோ?"

"ஓம் அன்ரி. குடுக்கலாம்."

"பேர் வச்சனாங்கள். தகப்பன் கப்பலில ஏற முந்தியே சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

அந்தப் பெயரை என்னிடம் சொன்னார். நான் அதை இங்கே எழுதவில்லை. வருகிற ஞாயிறு பூசைக் கருத்துப் புத்தகத்தில் அதை எழுதுவிக்கக் கோயிலுக்குப் போகிறார். துணைக்கு நானும் போகிறேன்.